மானிட்டர் ஸ்பீக்கர் சத்தம்: நாப்ல ஒரு கோடு போடுங்க

முதல்ல ரெண்டு கிளிப் போடுறேன், கேளுங்க. ஹெட்ஃபோன் இருந்தா மாட்டிக்கோங்க. யூடியூப் செட்டிங்ஸ்ல ‘ஸ்டேபிள் வால்யூம்’னு ஒண்ணு இருக்கும். அது ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, இல்லேன்னா நான் காட்ட வர்ற வித்தியாசத்தையே அது சமப்படுத்திடும்.

(கிளிப் 1 ஒலிக்கிறது. சின்ன இடைவெளி. கிளிப் 2 ஒலிக்கிறது.)

எது நல்லா இருந்தது? நிறைய பேர் ரெண்டாவதுன்னுதான் சொல்லுவீங்க. குரல் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி, பாஸ் கொஞ்சம் தடிமனா, ஓரத்துல அந்த சலங்கை சத்தம் கூட தெளிவா இருக்கிற மாதிரி. ஆனா ரெண்டும் ஒரே ஃபைல்தான். ஒரே மிக்ஸ், அதே எட்டு செகண்ட். ரெண்டாவதை ஒண்ணரை டெசிபல் ஏத்தி வைச்சிருக்கேன், அவ்வளவுதான். ஒண்ணரை டெசிபலை ‘சத்தம் கூடிடுச்சு’ன்னு காது சொல்லாது. ‘நல்லா இருக்கு’ன்னு சொல்லும். ஆபத்தே அதுதான்.

இதை உங்க மிக்ஸிங்ல பொருத்திப் பாருங்க. ஒரு கம்ப்ரஸர் போடுறீங்க, அது அவுட்புட்டை ரெண்டு டெசிபல் ஏத்திடுது. ஆகா, என்ன பிளக்இன்டா இதுன்னு தோணுது. அரை மணி நேரம் கழிச்சு காது களைச்சுப்போச்சு, பாட்டு டல்லா தெரியுது, கை தானா நாப்புக்குப் போய் கொஞ்சம் ஏத்துது. பழையபடி எல்லாம் அருமையா இருக்கு! மறுநாள் காலையில வந்து கேட்டா, ராத்திரி இதையா நல்லா இருக்குன்னு சொன்னோம்னு ஒரு சந்தேகம். பாட்டு மாறலை. எடைக்கல்லு தினமும் மாறினா தராசு சரியா இருந்து என்ன பிரயோஜனம்?

அதனால இன்னிக்கு வீடியோ ஒரே ஒரு வேலையைப் பத்தினது. உங்க ஆடியோ இன்டர்ஃபேஸ்ல மானிட்டர் நாப்னு ஒண்ணு இருக்கில்ல, அதுல ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சு ஒரு கோடு போடப் போறோம். மிக்ஸ் பண்ணும்போது நாப் அந்தக் கோட்டுல நிக்கணும். கோட்டை எங்க போடணும், ஏன் அங்க போடணும்ங்கிறதுதான் மீதிக் கதை.

முதல்ல ‘ஏன்’. 1933-ல அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்துல ஹார்வி ஃபிளெட்சர், வைல்டன் மன்சன்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டாங்க. டெலிபோன் கம்பெனியோட ஆய்வுக்கூடம் அது, மனுஷன் காதுக்கு எது எவ்வளவு கேக்குதுன்னு தெரிஞ்சாதான் அவங்க தொழில் நடக்கும். அவங்க கண்டுபிடிச்சது இதுதான்: காது எல்லா சுருதியையும் ஒரே மாதிரி கேக்கிறதில்லை. அது மட்டும்னா பெரிய சிக்கல் இல்லை. எவ்வளவு சத்தமா கேக்கிறோங்கிறதைப் பொறுத்து அந்த ஓரவஞ்சனையும் மாறுது. இந்த வளைவுகளைப் பிற்பாடு திருத்தித் திருத்தி, இப்போ ஐ.எஸ்.ஓ. 226-னு ஒரு சர்வதேசத் தரமாவே வைச்சிருக்காங்க.

(திரையில்: சம சத்த வளைவுகள். கீழே உள்ள வளைவும் மேலே உள்ள வளைவும் நிறம் மாற்றிக் காட்டப்படுகின்றன.)

கீழ இருக்கிற வளைவைப் பாருங்க. 1000 ஹெர்ட்ஸ்ல 40 டெசிபல், அதாவது மெதுவான சத்தம். அதே அளவு சத்தமா 100 ஹெர்ட்ஸ் கேக்கணும்னா சுமார் 64 டெசிபல் வேணும். 24 டெசிபல் கூடுதல். இப்போ மேல இருக்கிற வளைவு. 1000 ஹெர்ட்ஸ்ல 80 டெசிபல். அதுக்கு இணையா 100 ஹெர்ட்ஸ் கேக்க சுமார் 92 போதும். 12 டெசிபல்தான் கூடுதல். அதாவது சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, பாஸ் மத்ததைவிட வேகமா மறைஞ்சு போகுது.

உங்க கையில ஒரு மிருதங்க ரெக்கார்டிங் இருக்குன்னு வைங்க. ராத்திரி, பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குது, சத்தத்தைக் குறைச்சு வைச்சு மிக்ஸ் பண்றீங்க. வலந்தலை நல்லா கேக்குது, பாஸ் தர்ற இடது பக்கம், அதாவது தொப்பி மட்டும் எங்கேயோ இருக்கு. என்ன பண்ணுவீங்க? ஈக்யூ எடுத்து கீழ் சுருதியை ஏத்துவீங்க. இன்னும் கொஞ்சம் ஏத்துவீங்க. சரியா இருக்குன்னு முடிச்சிட்டு, மறுநாள் அதை ஒரு சபா ஹால்லயோ கார்லயோ சத்தமா போட்டா, தொப்பி வயித்துல குத்தும். இதுக்கு நேர் எதிரும் நடக்கும். ஸ்டுடியோ அதிர அதிர வைச்சு மிக்ஸ் பண்ணினவர் பாட்டு, வீட்டுல மெதுவா போட்டா சவசவன்னு, பாஸே இல்லாம இருக்கும். ரெண்டு பேர் மேலயும் தப்பு சொல்ல முடியாது, அவங்கவங்க காது அந்தந்த சத்தத்துக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கு.

ஜனங்க பாட்டை மெதுவாவும் கேப்பாங்க, சத்தமாவும் கேப்பாங்க. அதனால ரெண்டுக்கும் நடுவுல ஒரு சத்தத்துல முடிவு எடுத்தாதான் எந்தப் பக்கம் போனாலும் சேதாரம் குறைவு. சரி, அந்த நடு எவ்வளவு?

இங்கதான் எல்லாரும் 85, 85-னு சொல்லுவாங்க. கமென்ட்ல ஏற்கெனவே யாராவது டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பாங்க. அந்த 85 எங்கிருந்து வந்ததுன்னு பாக்கணும். அது சினிமாவோட எண். 1970-கள்ல டால்பி தியேட்டர் ஒலியைத் தரப்படுத்தினப்போ, படத்தை மிக்ஸ் பண்ற பெரிய ஹாலும் படம் ஓடுற தியேட்டரும் ஒரே அளவுல இருக்கணும்னு ஒரு ஏற்பாடு வந்தது. ஒரு குறிப்பிட்ட அளவு பிங்க் நாய்ஸ் (அது என்னன்னு பின்னாடி சொல்றேன்) போட்டா, திரைக்குப் பின்னாடி இருக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் காட்டணும். தியேட்டர்ல டால்பி பெட்டியோட ஃபேடர் 7-ல இருந்தா அந்த அளவு. டைரக்டரும் மிக்ஸிங் இன்ஜினியரும் உக்காந்து கேட்ட அதே சத்தம், கடைசி வரிசை ரசிகருக்கும் போய்ச் சேரணும்ங்கிறதுதான் யோசனை. நடைமுறையில, விளம்பரம் காதைக் கிழிக்குதுன்னு யாராவது கத்தினதும் ஆபரேட்டர் ஃபேடரை 5-க்கு இறக்கிடுவாரு. படம் சுமார் 6, 7 டெசிபல் அடங்கிப்போய், வசனம் புரியலைன்னு அடுத்த புகார் வரும். அந்தச் சண்டை உலகம் முழுக்க இன்னும் ஓடிட்டிருக்கு.

நமக்கு வேண்டிய விஷயம், அந்த 85 பல ஆயிரம் கன அடி ஹாலுக்குப் போட்ட கணக்கு. நீங்க உக்காந்திருக்கிறது பத்துக்குப் பன்னிரண்டு பெட்ரூம். பெரிய ஹால்ல ஸ்பீக்கர் தூரத்துல இருக்கும், சுவரும் தூரத்துல இருக்கும். சின்ன ரூம்ல ஸ்பீக்கர் கைக்கெட்டுற தூரம், சுவர்ல பட்டுத் திரும்புற சத்தம் ஒரு சில மில்லி செகண்ட்லயே காதுக்கு வந்து சேர்ந்துடும். மீட்டர்ல அதே 85 காட்டினாலும், காதுக்கு அது ரொம்ப அதிகமாத் தெரியும். சின்ன ரூம்ல 85-ல வைச்சு நாள் முழுக்க மிக்ஸ் பண்றேன்னு யாராவது பெருமை பேசினா, ஒண்ணு அவரு அளந்ததே இல்லை, இல்லேன்னா காது ஏற்கெனவே போயிடுச்சுன்னு நான் எடுத்துப்பேன்.

இதுக்கு உருப்படியான ஒரு அட்டவணை இருக்கு. அமெரிக்காவுல டிஜிட்டல் டி.வி.க்குத் தரம் வகுக்கிற ஏ.டி.எஸ்.சி. அமைப்போட ஏ/85-ங்கிற ஆவணத்துல, ரூமோட கொள்ளளவு பார்த்து எவ்வளவு வைக்கணும்னு போட்டிருக்காங்க. ஆவணத்தோட பேர்லயும் 85 இருக்குங்கிறது தற்செயல், குழப்பிக்காதீங்க.

(திரையில்: அட்டவணை. 1500 கன அடிக்குக் கீழே: 76. 1500 முதல் 5000-க்குள்: 78. 5000 முதல் 10,000-க்குள்: 80. 10,000 முதல் 20,000-க்குள்: 82. அதற்கு மேல்: 85.)

நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்குங்க. பத்து அடி, பன்னிரண்டு அடி, மேல பத்து அடி. 1200 கன அடி. அப்போ உங்க எண் 76. பதினஞ்சுக்கு இருபது ஹால்ல செட்டப் வைச்சிருந்தா 3000, எண் 78. வீட்டு ஸ்டுடியோ வைச்சிருக்கிற பெரும்பாலானவங்களுக்கு இந்த ரெண்டுல ஒண்ணுதான். இது ஒரு ஸ்பீக்கருக்கு உள்ள அளவு. இனி இந்த வீடியோ முழுக்க 76-னே சொல்றேன், உங்களுக்கு எது வருதோ அதைப் போட்டுக்கோங்க.

இப்போ வேலைக்கு வருவோம். ஸ்பீக்கரை எங்க வைக்கணும்னு தனி வீடியோவே இருக்கு, அதனால ஒரே வரி: ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சமபக்க முக்கோணம், ட்வீட்டர் காது உயரம். அதை முடிச்சிட்டு வாங்க. அப்புறம் ஸ்பீக்கரை நகர்த்தினா இங்க அளக்கிறது எல்லாம் வீண்.

சத்தம் போற பாதையை வரிசையாப் பாருங்க. மிக்ஸிங் சாஃப்ட்வேர்ல மாஸ்டர் ஃபேடர் பூஜ்யத்துல இருக்கணும். கம்ப்யூட்டரோட சிஸ்டம் வால்யூம் முழுசா 100-ல இருக்கணும். இதைப் பல பேர் கவனிக்கிறதே இல்லை. அது 60-ல கிடக்கும், நீங்க நாப்பை ஏத்தி ஏத்திப் பாப்பீங்க. சாஃப்ட்வேர்ல ரூம் கரெக்‌ஷன் பிளக்இன் ஏதாவது ஓடினா அதையும் எப்பவும் எப்படி வைச்சுக் கேப்பீங்களோ அப்படியே வைங்க.

அடுத்து ஸ்பீக்கரோட முதுகைப் பாருங்க. அங்க ஒரு வால்யூம் நாப் இருக்கும். சில மாடல்ல பிளஸ் 4, மைனஸ் 10-னு ஒரு ஸ்விட்சும் இருக்கும், ஜே.பி.எல். 305-ல இருக்கிற மாதிரி. பிளஸ் 4-ங்கிறது ஸ்டுடியோ கருவிகளோட அளவு, சுமார் 1.23 வோல்ட். மைனஸ் 10-ங்கிறது வீட்டு டேப் டெக், சி.டி. பிளேயர் அளவு, சுமார் 0.32 வோல்ட். ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். இன்டர்ஃபேஸ்ல இருந்து தடிமனான பேலன்ஸ்டு கேபிள் போகுதுன்னா பிளஸ் 4-ல வைங்க. ஒரு ஸ்பீக்கர்ல பிளஸ் 4, இன்னொண்ணுல மைனஸ் 10-னு இருந்து, பாட்டு ஏன் எப்பவும் வலது பக்கமே இழுக்குதுன்னு மாசக்கணக்கா தலையைப் பிச்சுக்கிட்டவங்க இருக்காங்க. ஸ்விட்ச் இல்லாத மாடலும் உண்டு. யமஹா எச்.எஸ். வரிசையில நாப் நடுவுல ஒரு கிளிக் நிக்கும், அதுதான் அதோட பிளஸ் 4 இடம்.

இங்க ஒரு கேள்வி எப்பவும் வரும். ஸ்பீக்கர் நாப்பை முழுசா ஏத்தி இன்டர்ஃபேஸ்ல குறைக்கணுமா, இல்லை இன்டர்ஃபேஸை ஏத்தி ஸ்பீக்கர்ல குறைக்கணுமா? என் பதில் ரெண்டாவது பக்கம் சாயும். காரணம் மூணு. ஸ்பீக்கர் நாப் முழுசா ஏறியிருந்தா, பாட்டு ஓடாதப்போ கூட ட்வீட்டர்ல ‘உஸ்’ஸுன்னு ஒரு சத்தம் கேக்கும். ராத்திரி நேரத்துல அது கொல்லும். ரெண்டாவது, இன்டர்ஃபேஸ் நாப்பை எட்டு மணி திசையில, அதாவது அடிமட்டத்துல வைச்சா, விலை குறைஞ்ச கருவிகள்ல இடதும் வலதும் சமமா இருக்காது. ஒரே நாப்தான், ஆனா உள்ளே இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிப் பட்டை. ஆரம்பத்துல அது ரெண்டும் ஒண்ணா நகராது. கொஞ்சம் மேல போனாதான் சேர்ந்து போகும். மூணாவது, வீட்டுல குழந்தை இருக்கு. நாப்பைப் பார்த்தா திருகாம போகாது. அடிமட்டத்துல இருந்து முழுசுக்கு ஒரே திருகுல போனா ட்வீட்டர் தாங்காது.

அதனால இன்டர்ஃபேஸ் நாப்பை கடிகாரத்துல ரெண்டு மணி திசையில வைங்க. ஸ்பீக்கர் பின்னாடி நாப்பை முழுசாக் குறைச்சிடுங்க. அங்கிருந்து ஏத்தித்தான் 76-ஐப் பிடிக்கப் போறோம்.

ஆன் பண்ற வரிசை தெரியும்தானே? இன்டர்ஃபேஸ் முதல்ல, ஸ்பீக்கர் கடைசியில. ஆஃப் பண்ணும்போது ஸ்பீக்கர் முதல்ல. இல்லேன்னா ‘டொம்’னு ஒரு அடி விழும்.

இப்போ எதை வைச்சு அளக்கிறது? பாட்டு வைச்சு அளக்க முடியாது, மீட்டர் முள் ஆடிக்கிட்டே இருக்கும். ஒரே சுருதியில ஒரு ‘பீப்’ போட்டா, தலையை ரெண்டு இஞ்ச் நகர்த்தினாலே அளவு தாறுமாறா மாறும், ஏன்னா அந்த ஒரு அலை ரூம்ல சில இடத்துல கூடும், சில இடத்துல அழியும். அதனாலதான் பிங்க் நாய்ஸ். மழை ஓட்டுல பெய்யுற மாதிரி ஒரு சத்தம், எல்லா ஆக்டேவ்லயும் சம சக்தி. வைட் நாய்ஸ் வேண்டாம், அது மேல் சுருதி பக்கம் சரிஞ்சு கிடக்கும்.

(பிங்க் நாய்ஸ் மெதுவாக மூன்று நொடி ஒலிக்கிறது.)

சின்ன ரூம்ல முழு பிங்க் நாய்ஸ் கூட கொஞ்சம் ஏமாத்தும். கீழ் சுருதி மூலைகள்ல குவிஞ்சு மீட்டரைத் தூக்கிக் காட்டும். அதனால 500 ஹெர்ட்ஸ்ல இருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வெட்டின பிங்க் நாய்ஸ் எடுத்துக்கோங்க. அதோட அளவு ஆர்.எம்.எஸ்., அதாவது சராசரி கணக்குல மைனஸ் 20 டிபிஎஃப்எஸ், டிஜிட்டலோட உச்ச அளவுக்கு 20 டெசிபல் கீழ. ஏன் மைனஸ் 20? பாட்டோட சராசரி அங்க உக்காந்தா, அதுக்கு மேல தவில் அடி, பறை அடி, கைதட்டல் இதெல்லாம் எகிற 20 டெசிபல் இடம் இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. எல்லா மீட்டரும் ஆர்.எம்.எஸ்.-ஐ ஒரே மாதிரி காட்டாது. முழு அளவு சைன் அலையைச் சில மீட்டர் பூஜ்யம்னு காட்டும், சில மீட்டர் மைனஸ் 3-னு காட்டும். இன்டர்நெட்ல ஒருத்தர் 83-னும் இன்னொருத்தர் 85-னும் சண்டை போடுறதுல பாதி, இந்த மாதிரி எதை எப்படி அளந்தாங்கங்கிற கணக்குல இருந்து வர்றது. அதுக்குள்ள போனா வெளிய வர முடியாது. ஒரு ஃபைலை எடுத்துக்கோங்க, எப்பவும் அதையே வைச்சு அளங்க. நான் பயன்படுத்துறது டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு.

மீட்டர். எஸ்.பி.எல். மீட்டர்னு ஆன்லைன்ல கேட்டா சில ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்கும், அது போதும். அதுல ரெண்டு செட்டிங்: வெயிட்டிங் ‘சி’, வேகம் ‘ஸ்லோ’. போன் ஆப் போதுமான்னு கேட்டீங்கன்னா, ஐபோன்ல நியாஷ்னு அமெரிக்க அரசு நிறுவனம் இலவசமா விட்ட ஆப் ஒண்ணு இருக்கு, அது ஓரளவு நம்பகமானது. ஐபோன் மாடல்கள் கொஞ்சம்தான், மைக் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சு செஞ்சிருக்காங்க. ஆண்ட்ராய்டுல ஆயிரம் மாடல், ஆயிரம் மைக். அதுல வர்ற எண்ணை அப்படியே நம்பாதீங்க. ஆனா இடதும் வலதும் சமமான்னு பாக்க எந்த போனும் போதும், ஏன்னா பொய் சொன்னாலும் ரெண்டு பக்கமும் ஒரே பொய்தான் சொல்லும்.

ஃபேனை நிறுத்துங்க. இதை அழுத்திச் சொல்றேன். சத்தத்துக்காக மட்டும் இல்லை, சீலிங் ஃபேன் காத்து மைக்ல பட்டாலே மீட்டர் கண்டபடி ஏறும். ஏ.சி.யையும் நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம் வேர்க்கட்டும்.

மீட்டரை நீங்க உக்காரும்போது தலை இருக்கிற அதே இடத்துல வைங்க. ஒரு மைக் ஸ்டாண்ட்ல கட்டி வைச்சிட்டு நீங்க தள்ளி நிக்கிறது நல்லது, இல்லேன்னா உங்க நெஞ்சுல பட்டுத் திரும்புற சத்தமும் கணக்குல வந்துடும். வலது ஸ்பீக்கரோட பவரையே ஆஃப் பண்ணிடுங்க. சாஃப்ட்வேர்ல பான் நாப்பைத் திருப்பி ஒரு பக்கமா அனுப்பாதீங்க, சில சாஃப்ட்வேர் அப்படித் திருப்பும்போதே அளவை 3 டெசிபல் மாத்திடும். நாய்ஸை ஓட விடுங்க. மாஸ்டர்ல இடதும் வலதும் தனித்தனியா மைனஸ் 20 காட்டுதான்னு பாத்துக்கோங்க. இடது ஸ்பீக்கர் பின்னாடி நாப்பை மெதுவா ஏத்துங்க. 70, 73, 75, 76. நில்லுங்க.

இப்போ இடதை ஆஃப் பண்ணிட்டு வலது. அதே 76. இங்க அவசரப்படாதீங்க. அரை டெசிபலுக்குள்ள ரெண்டும் ஒத்துப்போகணும். ரெண்டு நாப்பும் ஒரே கோட்டுல நிக்கணும்னு அவசியம் இல்லை. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் பீரோன்னு இருந்தா கொஞ்சம் முன்ன பின்னதான் வரும். நாப்பைப் பாக்காதீங்க, மீட்டரைப் பாருங்க.

ரெண்டையும் ஆன் பண்ணுங்க. மீட்டர் 79-ல இருந்து 82-க்குள்ள எங்கேயாவது காட்டும். இடதுலயும் வலதுலயும் தனித்தனி நாய்ஸ்னா 3 டெசிபல் கூடும், ரெண்டுலயும் ஒரே நாய்ஸ்னா நடு இடத்துல 6 வரை கூடலாம். இது தப்பு இல்லை, 76-க்கு இறக்காதீங்க. ஒரே நாய்ஸ்னா நாற்காலியில உக்காந்து கண்ணை மூடிக் கேளுங்க. சத்தம் ரெண்டு ஸ்பீக்கர்ல இருந்தும் வராம, நேர் எதிர்ல ஒரு மெல்லிய இடத்துல இருந்து வரணும். ஓரமா இழுத்தா அளவு இன்னும் சரியாகலை, இல்லேன்னா ஒரு ஸ்பீக்கர் உங்களுக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கு.

சரியா வந்துடுச்சா? இன்டர்ஃபேஸ் நாப் இப்போ நிக்கிற இடத்துல ஒரு மெல்லிய டேப் ஒட்டி, பேனாவால ஒரு கோடு. அவ்வளவுதான், உங்க ஸ்டுடியோவுக்கு ஒரு அளவு வந்தாச்சு.

(திரையில்: நாப் பக்கத்தில் ஒட்டிய வெள்ளை டேப், அதில் கறுப்புக் கோடு.)

இந்தக் கோட்டுல வைச்சு மிக்ஸ் பண்ணிப் பாருங்க. ரெண்டு வாரத்துல ஒண்ணு நடக்கும். மீட்டரைப் பாக்காமலே குரல் எந்த உயரத்துல நிக்கணும்னு காது சொல்ல ஆரம்பிக்கும். மாஸ்டரிங் இன்ஜினியர் பாப் காட்ஸ் 2000-ல கே-சிஸ்டம்னு ஒண்ணு முன்வைச்சாரு. அதோட உயிர்நாடியும் இதுதான்: ஸ்பீக்கர் நாப்பை ஒரு இடத்துல அளந்து கட்டிப் போட்டுட்டா, காதே மீட்டராயிடும். கோட்டுல வைச்சு இயல்பா மிக்ஸ் பண்ணினா பாட்டு தானா போதுமான அளவுல வந்து நிக்கும், மாஸ்டர்ல சிவப்பு விளக்கு எரியறதுக்கே வழி இருக்காது.

ஆனா அடுத்த நிமிஷமே எல்லாரும் ஒரு குழியில விழுவாங்க. ரெஃபரன்ஸ் பாட்டு. ரிலீஸான ஒரு சினிமாப் பாட்டை உள்ள இழுத்துப் போட்டு, கோட்டுல வைச்சு பிளே பண்ணினா அலறும். அது மாஸ்டர் ஆன பாட்டு, ஏற்கெனவே நசுக்கி மேல ஏத்தி வைச்சிருப்பாங்க. லஃப்ஸ்னு, காதுக்குத் தெரியுற சராசரி சத்தத்தை அளக்கிற கணக்குல, மைனஸ் 9, மைனஸ் 8-னு இருக்கும். ரெண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து 85-ஐத் தாண்டிடும். உங்க மிக்ஸ் அது பக்கத்துல நோஞ்சானாத் தெரியும். உடனே ஒரு லிமிட்டரைப் போட்டு ஏத்தத் தோணும். ஏத்தாதீங்க. நாப்பையும் தொடாதீங்க. ரெஃபரன்ஸ் பாட்டு இருக்கிற டிராக்கோட ஃபேடரை, ரெண்டும் ஒரே சத்தமாக் கேக்கிற வரை இறக்குங்க, 6, 8, சில சமயம் 10 டெசிபல் கூட. லஃப்ஸ் மீட்டர் இருந்தா அதை வைச்சே ஒத்துப்போக வைங்க. ஆரம்பத்துல ரெண்டு கிளிப் போட்டேனே, அங்க ஒண்ணரை டெசிபலுக்கே காது அந்தப் பக்கம் சாஞ்சது. இங்க பத்து டெசிபல் முன்னாடி நிக்கிற பாட்டோட உங்க மிக்ஸ் எப்படிப் போட்டி போடும்? ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்கள் எப்படியும் எல்லாத்தையும் மைனஸ் 14 லஃப்ஸ் பக்கம் சமப்படுத்தித்தான் ஓட்டுது. சத்தத்துல ஜெயிச்சது அங்க எடுபடாது.

கோடு ஒண்ணு போதுமா? நான் ரெண்டு போடச் சொல்லுவேன். முதல் கோட்டுல இருந்து சுமார் 20 டெசிபல் கீழ, பக்கத்துல ஒருத்தர் பேசினா அவரு குரல் பாட்டைத் தாண்டிக் கேக்கிற அளவுல இன்னொண்ணு. சில இன்டர்ஃபேஸ்ல ‘டிம்’னு பட்டனே இருக்கும், அது அந்த வேலையைப் பண்ணும். அங்க வைச்சு ரெண்டே கேள்வி: பாட்டு வரி புரியுதா? தாளம் எங்க விழுதுன்னு தெரியுதா? பாஸைப் பத்தி அங்க முடிவு எடுக்காதீங்க, அது ஏன்னு மிருதங்கம் சொல்லிடுச்சு. சத்தமா வைச்சுக் கேக்கணும்னு ஆசையா இருந்தா, கேளுங்க, ஒரு பாட்டு அளவுக்கு. கீழ் சுருதி வீங்கியிருக்கான்னு அப்போ தெரியும். கேட்டு முடிச்சதும் கோட்டுக்கு வந்துடுங்க.

காதைப் பத்தி ரெண்டு எண் சொல்லிடுறேன். அந்த ஆப் விட்ட நியாஷ் நிறுவனம்தான் தொழிலாளர்களுக்கு வரம்பும் பரிந்துரைக்குது. 85 டெசிபல்ல, இது ‘ஏ’ வெயிட்டிங் கணக்கு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். 3 டெசிபல் கூடினா நேரம் பாதி. 88-ல நாலு மணி, 91-ல ரெண்டு, 94-ல ஒரே ஒரு மணி நேரம். 100-ல பதினஞ்சு நிமிஷம். மிக்ஸிங் பண்றவருக்கு நாப் எப்படி ஏறும்னு ஏற்கெனவே பாத்தோம், காது களைச்சதும் கை போகும். கோடு இருந்தா அந்தக் கை நிக்கும். நாப் கோட்டுல இருந்தும் பாட்டு டல்லா தெரிஞ்சா, ஏத்த வேண்டியதில்லை. எழுந்து போய் டீ குடிக்க வேண்டிய நேரம் அது. ராத்திரி ரூமை விட்டு வெளிய வந்ததும் காதுல ‘கொய்ங்’குன்னு கேட்டா, அன்னிக்கு அளவு தாண்டியாச்சுன்னு அர்த்தம்.

அபார்ட்மென்ட்ல இருக்கேன், 76-ல வைச்சா பக்கத்து வீட்டு மாமா பெல் அடிக்கிறாருன்னு கேப்பீங்க. நியாயம்தான். 70-ல கோடு போடுங்க. வேணும்னா 68. எனக்கு 76-ங்கிற எண் மேல பக்தி ஒண்ணும் இல்லை. தினமும் அதே இடமாங்கிறதுதான் முக்கியம். குறைஞ்ச சத்தத்துல பாஸ் கம்மியாத்தான் தெரியும், அதுக்கு ஈக்யூல கை வைக்காம, அதே கோட்டுல நல்ல மிக்ஸ்கள் பத்து, இருபது கேட்டு, அந்த சத்தத்துல பாஸ் இவ்வளவுதான் தெரியும்னு காதைப் பழக்குங்க. ஹெட்ஃபோனுக்கு இந்த மீட்டர் ஒத்துவராது. ஸ்பீக்கர்ல கோட்டுல ஒரு பாட்டைக் கேட்டுட்டு, உடனே ஹெட்ஃபோன்ல அதே சத்தமாத் தோணுற இடத்தைப் பிடிச்சு, அந்த நாப்லயும் ஒரு கோடு போட்டுக்கோங்க.

கடைசியா ரெண்டு நடைமுறை விஷயம். ஸ்பீக்கர் பின்னாடி நாப் நிக்கிற இடத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. வீட்டுல யாராவது தூசி தட்டும்போது துணி பட்டு அது திரும்பிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ரூம்ல பெரிய சாமான் எதையாவது மாத்தினாலும், சோபா வந்தாலும், கட்டில் போனாலும், நாய்ஸை ஒரு தடவை ஓட விட்டுப் பாத்துடுங்க.

சப்வூஃபர் வைச்சிருக்கிறவங்க இந்த நாய்ஸை வைச்சு அதை செட் பண்ண முடியாது. 500-க்குக் கீழ இதுல ஒண்ணுமே இல்லை, சப் வாயே திறக்காது. அதுக்கு வேற நாய்ஸ், வேற கணக்கு, ரூம் மூலைகளோட ஒரு மல்லுக்கட்டும் இருக்கு. அது அடுத்த வீடியோ. அதுக்குள்ள கோடு போட்டவங்க உங்க ரூம் அளவும் எண்ணும் கமென்ட்ல போடுங்க.